அளந்த பிறகு திருகுங்கள்

(கோலார் தங்கவயல், ராபர்ட்சன்பேட்டையில் இசைக்குழுவினருக்கும் மாணவர்களுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மாரிக்குப்பத்திலிருந்தும் சாம்பியன் ரீஃபிலிருந்தும் ஆண்டர்சன்பேட்டையிலிருந்தும் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்திருக்கும் தம்பி தங்கைகளே, கடன் வாங்கி அந்தக் கிட்டாரை வாங்கிக் கொடுத்துவிட்டு, இன்று இந்த ஆள் அதை என்ன பாடுபடுத்தப் போகிறாரோ என்று பின்வரிசையில் கவலையோடு உட்கார்ந்திருக்கும் அப்பா அம்மாக்களே!

இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள், எலக்ட்ரிக் கிட்டாரை நம் கையாலேயே சரிசெய்துகொள்வது. எப்படி வாசிப்பது என்று நான் சொல்ல வரவில்லை. அதைச் சொல்ல என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த அரங்கிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். வாசிக்கிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், கம்பி ஃபிரெட்டிலிருந்து நாலு மில்லிமீட்டர் எழும்பி நின்றால் விரல்தான் புண்ணாகும். கம்பி ஃபிரெட்டில் உரசினால் ஸ்வரம் வராது, ஈ பறக்கும் சத்தம்தான் வரும். இதைச் சரிசெய்ய பெங்களூருக்கு ரயில் ஏற வேண்டுமா? பெரும்பாலும் வேண்டாம். இதைத்தான் சொல்ல வந்தேன்.

தங்கவயல் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு இப்போது நினைவுக்கு வருவது 2018-இல் இந்த ஊரின் பெயரில் வந்த படமும் அதில் சுத்தியல் தூக்கும் கதாநாயகனும்தான். நமக்கு இந்த ஊர் வேறு. இது ஃபிட்டர்களின் ஊர், வைண்டர்களின் ஊர், எலக்ட்ரீஷியன்களின் ஊர். மோட்டார் காயிலைக் கையால் சுற்றியவர்கள் இங்கே இருந்தார்கள். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கத்துக்குக் கூண்டு இறக்கியவர்கள் இங்கே இருந்தார்கள். சிவசமுத்திரம் அருவியில் எடுத்த மின்சாரம் சுமார் 147 கிலோமீட்டர் கம்பிவழி நடந்து முதலில் வந்து சேர்ந்தது எந்த ஊருக்கு? மைசூருக்கா? பெங்களூருக்கா? நம் ஊருக்கு. 1902 ஜூனில் வந்தது. பெங்களூரில் தெருவிளக்கு எரிந்தது 1905-இல். மூன்று வருஷம் நாம் முந்தி. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடினார்கள். வொர்க்‌ஷாப் போனது, சங்கு போனது. ஆனால் அந்த வேலை தெரிந்த கைகள் வீட்டில் இருக்கின்றன. தாத்தாவின் டூல்ஸ் பெட்டி பரண்மேல் இருக்கிறது.

அந்தப் பெட்டிக்கும் கிட்டாருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எலக்ட்ரிக் கிட்டார் என்பது என்ன? கொஞ்சம் மரம், ஆறு எஃகுக் கம்பி, ஒரு காந்தம், அந்தக் காந்தத்தைச் சுற்றி எனாமல் பூசிய செம்புக் கம்பி. தலைமயிரைவிட மெல்லிய அந்தக் கம்பியை ஏழாயிரம், எட்டாயிரம் சுற்று சுற்றியிருப்பார்கள். எஃகுக் கம்பி ஆடும்போது காந்தப் புலம் ஆடுகிறது, காயிலில் மின்சாரம் பிறக்கிறது. 1831-இல் ஃபாரடே கண்டுபிடித்தது இதைத்தான். சிவசமுத்திரத்து ஜெனரேட்டர் ஓடியதும் இதே விதிப்படிதான். நைலான் கம்பி போட்டால் எலக்ட்ரிக் கிட்டார் ஊமையாகிவிடும், ஏனென்றால் காந்தத்துக்கு நைலானைத் தெரியாது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் ஒருவர் உண்டு. லியோ ஃபெண்டர். கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்ற ஊரில் 1938-இல் ரேடியோ ரிப்பேர் கடை வைத்தவர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. ஆமாம், தெரியாது! ஆனால் ரிப்பேருக்கு வந்த பொருள்களைத் திறந்து திறந்து பார்த்தவருக்கு ஒன்று தெரிந்திருந்தது: எந்தப் பொருளும் ஒருநாள் பழுதாகும், பழுதாகும்போது கழற்ற முடிய வேண்டும். அதுவரை பெரும்பாலும் கிட்டாரின் கழுத்தைப் பசை போட்டு உடலோடு ஒட்டினார்கள். அவர் 1950-இல் கொண்டுவந்த கிட்டாரில் நெக்கை நாலு ஸ்குரூ போட்டு முடுக்கினார். நெக் கெட்டுப்போனதா? நாலு ஸ்குரூவைக் கழற்று, வேறு நெக்கை மாட்டு. இசைக்கருவி செய்கிறவர்கள் முகம் சுளித்தார்கள். அந்தக் கிட்டார் டெலிகாஸ்டர் என்ற பெயரில் இன்றைக்கும் விற்கிறது. இன்று உங்கள் தோளில் தொங்குகிறவற்றில் பாதிக்கு மேல் அந்த நாலு ஸ்குரூ வம்சம். ஒரு ரிப்பேர்க்காரர், இன்னொரு ரிப்பேர்க்காரரை மனதில் வைத்துச் செய்த கருவி அது. நம் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான வாத்தியம் உண்டா?

சரி, பெருமை பேசியது போதும். வேலைக்கு வருவோம். வேலைக்கு முன்னால் உயிர்.

நண்பர்களே, கிட்டாரைத் திறப்பதற்கு முன் சுவரில் இருக்கும் பிளக் பாயிண்டைப் பாருங்கள். மூன்று ஓட்டை இருக்கிறது. மேலே இருக்கும் பெரிய ஓட்டைக்குப் பின்னால் எர்த் கம்பி இருக்கிறதா? சுரங்கத் தொழிலாளர்களின் பழைய லைன் வீடுகளில், பலமுறை கை மாறிய வயரிங்கில், அந்த ஓட்டை வெறும் ஓட்டையாகவே இருப்பது உண்டு. அதில் ஆம்ப்ளிஃபையரை மாட்டினால் பாட்டும் வரும், சத்தமும் வரும், எதுவும் தெரியாது. ஆனால் உங்கள் கிட்டாரின் கம்பிகள் எங்கே போய் முடிகின்றன என்று யோசித்திருக்கிறீர்களா? கம்பி பிரிட்ஜில், பிரிட்ஜிலிருந்து ஒரு வயர் ஜாக்கில், ஜாக்கிலிருந்து கேபிளின் வெளிவலை, அங்கிருந்து ஆம்ப்ளிஃபையரின் இரும்புச் சட்டம். கிட்டாரைப் பிடித்தால் ஆம்ப்ளிஃபையரின் சட்டத்தைக் கையால் பிடித்ததாக அர்த்தம். அந்தச் சட்டத்தில் எர்த் இல்லாமல், உள்ளே ஏதோ ஒரு இடத்தில் ஃபேஸ் கசிந்தால் என்ன ஆகும்? நீங்கள் 230 வோல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறீர்கள். பாட மைக்கை நெருங்கும்போது உதடு மைக்கில் படுகிறது. மைக் நல்ல எர்த்தில் இருக்கிறது. கையிலிருந்து உதடுவரை போகும் பாதையில் நடுவே இருப்பது நெஞ்சு.

கற்பனை என்று நினைக்காதீர்கள். 1972 மே மாதம் பிரிட்டனில் ஸ்வான்சீ நகரத்து மேடையில் லெஸ் ஹார்வி என்ற கிட்டார் கலைஞர் ரசிகர்கள் முன்னாலேயே மைக்கைத் தொட்டு இறந்தார். ‘யார்ட்பேர்ட்ஸ்’ குழுவின் பாடகர் கீத் ரெல்ஃப் 1976-இல் வீட்டில் கிட்டார் வாசித்துக்கொண்டிருக்கும்போது மின்சாரம் தாக்கி இறந்தார். இருவரும் நல்ல கலைஞர்கள், இருவரும் இளைஞர்கள்.

ஆகவே கோயில் திருவிழாவோ கல்யாண மண்டபமோ, முக்கியமாக ஜெனரேட்டரில் ஓடும் மேடையோ, எதுவானாலும் ஒரு வழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். முந்நூறு நானூறு ரூபாய்க்கு மல்டிமீட்டர் கிடைக்கிறது. அதை ஏ.சி. வோல்ட்டின் உச்ச அளவில் வையுங்கள். ஒரு முனையைக் கிட்டார் கம்பியில், இன்னொரு முனையை மைக்கின் வலையில். ஒன்றிரண்டு வோல்ட் காட்டினால் பரவாயில்லை. ஐம்பது, நூறு என்று ஏறினால் பாட்டை நிறுத்துங்கள், பிளக்கைப் பிடுங்குங்கள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். வீட்டு மெயின் போர்டில், மின்சாரம் கசிந்தால் தானே அணையும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றைப் போடச் சொல்லுங்கள். இரைச்சல் குறைகிறது என்று யாராவது உங்கள் பிளக்கின் எர்த் பின்னைப் பிடுங்கச் சொன்னால், அவர் எவ்வளவு பெரிய வித்வானாக இருந்தாலும் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள்.

இப்போது கிட்டாரைக் கையில் எடுப்போம்.

எல்லோரும் செய்யும் முதல் காரியம் என்ன? ஆலன் கீயை எடுப்பது, கைக்கு அகப்பட்டதைத் திருகுவது. அளந்தீர்களா? இல்லை. எவ்வளவு இருந்தது, எவ்வளவு ஆனது? தெரியாது. சுரங்கத்தில் இப்படி ஒரு ஃபிட்டர் வேலை செய்திருந்தால் ஃபோர்மன் விட்டிருப்பாரா? அளந்த பிறகு திருகுங்கள். திருகிய பிறகு மறுபடி அளந்துவிடுங்கள்.

என்ன அளவுகோல் வேண்டும்? கிட்டார் கடையில் விற்கும் விலையுயர்ந்த கேஜ் எதுவும் வேண்டாம். உங்கள் தெரு பைக் மெக்கானிக்கிடம் டாப்பெட் செட் செய்ய ஒரு ஃபீலர் கேஜ் இருக்கும், கத்தி மடக்கியது மாதிரி மெல்லிய தகடுகள். அது போதும். அதோடு அரை மில்லிமீட்டர் கோடு போட்ட எஃகு ஸ்கேல் ஒன்று. செல்ஃபோனில் ஒரு டியூனர். அவ்வளவுதான் கருவி.

புதுக் கம்பி போடுங்கள். துருப்பிடித்த கம்பியை வைத்துக்கொண்டு எந்த அளவும் எடுக்காதீர்கள், அது பொய் சொல்லும். முழுச் சுருதிக்கு டியூன் செய்யுங்கள். ஒன்பதாம் நம்பர் மெல்லிய கம்பி செட் போட்ட கிட்டாரில் ஆறு கம்பியும் சேர்ந்து ஏறக்குறைய நாற்பது கிலோ இழுக்கின்றன. அந்த இழுப்பு இருக்கும்போதுதான் நெக்கின் உண்மையான வளைவு தெரியும். வாசிக்கும் நிலையில், மடியில் வைத்துப் பிடிக்கும் வாட்டத்தில் கிட்டாரை வையுங்கள். மல்லாக்கப் படுக்க வைத்தால் அளவு மாறும்.

தடித்த ஆறாவது கம்பியை முதல் ஃபிரெட்டில் ஒரு கையால் அழுத்துங்கள். நெக் உடலோடு சேரும் இடத்து ஃபிரெட்டில் இன்னொரு கையால் அழுத்துங்கள். இப்போது அந்தக் கம்பியே ஒரு ஸ்கேலாகிவிட்டது. ஏழாவது, எட்டாவது ஃபிரெட் பக்கம் கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா? 0.25 மில்லிமீட்டர் தகடு உரசாமல் நுழைந்தால் நன்று. கம்பி ஆடும்போது நடுவில்தான் அதிகம் ஆடும், அதற்கு இடம் வேண்டும், அதனால்தான் இந்தச் சின்ன வளைவு. வெளிச்சமே இல்லையென்றால் நெக் பின்னால் வளைந்திருக்கிறது. அரை மில்லிமீட்டர் தாண்டினால் முன்னால் வளைந்திருக்கிறது.

இதைத் திருத்துவதற்குத்தான் நெக்கின் உள்ளே டிரஸ் ராட் என்ற இரும்புக் கம்பி ஓடுகிறது. தலைப் பக்கமோ அடிப் பக்கமோ அதன் நட் இருக்கும். நட்டை நேருக்கு நேர் பார்த்து வலப்பக்கம் திருகினால் வளைவு குறையும், இடப்பக்கம் திருகினால் கூடும். எவ்வளவு திருகலாம்? கால் சுற்று. அதற்கு மேல் ஒரு தடவையில் வேண்டாம். கால் சுற்று திருகி, மறுபடி டியூன் செய்து, மறுபடி அளந்து, மரத்துக்கு ஒரு ராத்திரி அவகாசம் கொடுங்கள். நட் இறுக்கமாக நின்று திரும்ப மறுத்தால் அதோடு சண்டை போடாதீர்கள். கம்பிகளைத் தளர்த்திப் பாருங்கள், அப்போதும் மறுத்தால் விட்டுவிடுங்கள். உள்ளே ராட் உடைந்தால் அந்த நெக்கின் கதை முடிந்தது. கையில் இருக்கும் ஆலன் கீ அளவு சரியா என்பதையும் பாருங்கள், அங்குல கீயும் மில்லிமீட்டர் கீயும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் நட்டின் மூலையைத் தேய்த்துவிடும். நான் பார்த்த சீரழிந்த நெக்குகளில் பாதி இப்படித் தேய்ந்தவைதான்.

ஒரு விஷயம் நினைவில் இருக்கட்டும். டிரஸ் ராட் என்பது கம்பியின் உயரத்தைக் குறைக்கும் ஸ்குரூ அல்ல. உயரம் பிரிட்ஜில் இருக்கிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் நம் ஊர்ப் பையன்களின் தலையாய பிழை.

வளைவு சரியான பிறகு பிரிட்ஜுக்கு வாருங்கள். 12-ஆவது ஃபிரெட்டின் மேல் ஸ்கேலை நிறுத்தி, ஃபிரெட்டின் உச்சிக்கும் கம்பியின் அடிக்கும் இடைவெளி பாருங்கள். ஆறாவது கம்பியில் 1.6 மில்லிமீட்டர், மெல்லிய முதல் கம்பியில் அதைவிடக் கொஞ்சம் குறைவு. புதிதாகப் பழகும் பிள்ளைகளுக்கு இது சுகம். ஓங்கி அடித்து வாசிக்கும் ஆளுக்கு 2 மில்லிமீட்டர் வரை வையுங்கள், இல்லாவிட்டால் கம்பி உரசும். தலைப் பக்கம் கம்பிகளை வெட்டுகளில் தாங்கும் நட்டையும் பார்த்துவிடுங்கள், இது டிரஸ் ராடின் நட் அல்ல: கம்பியை மூன்றாவது ஃபிரெட்டில் அழுத்தும்போது முதல் ஃபிரெட்டுக்கு மேலே ஒரு தாள் நுழையும் அளவு இடைவெளி இருந்தால் போதும். மலிவான கிட்டாரில் எஃப் கார்டு பிடிக்க முடியாமல் பிள்ளைகள் அழுவதற்குக் காரணம் பெரும்பாலும் விரல் இல்லை, இந்த நட்டுதான். ஆனால் நட்டை அரம் போட்டு ராவுவது ஒருவழிப் பாதை. ராவியதை ஒட்டவைக்க முடியாது. அதனால் ஒரு தேய்ப்பு, ஒரு அளவு.

கடைசியாக சுருதி. 12-ஆவது ஃபிரெட்டில் விரலை லேசாக வைத்து எழுப்பும் மணியோசையையும், அதே ஃபிரெட்டில் அழுத்தி வாசிக்கும் ஸ்வரத்தையும் டியூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய ஸ்வரம் ஏறிப் போகிறதா? பிரிட்ஜில் கம்பி உட்காரும் சாடிலைப் பின்னால் தள்ளி கம்பியின் நீளத்தைக் கூட்டுங்கள். இறங்கிப் போகிறதா? முன்னால் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனியாக. ஆர்க்கெஸ்ட்ராவில் மேல் ஸ்தாயியில் போகும்போது கிட்டார் மட்டும் கீபோர்டோடு ஒட்டாமல் நிற்கிறதே, ஏன்? இதுதான் காரணம். கிட்டாரிஸ்ட்டின் காதைக் குறை சொல்லாதீர்கள், சாடிலைப் பாருங்கள்.

வளைவு, உயரம், நட், சுருதி. இந்த வரிசை மாறக் கூடாது. ஏனென்றால் முதலில் வருவதை மாற்றினால் பின்னால் வருவதெல்லாம் மாறும். சுருதியைச் சரிசெய்துவிட்டு டிரஸ் ராடைத் திருகினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இந்த வேலை ஒருமுறை செய்தால் ஆயுசுக்கும் போதுமா? போதாது. நம் ஊர்க் காற்றைப் பாருங்கள். ஏப்ரல், மே மாதங்களில் உதடு வெடிக்கிறது. அக்டோபரில் துணி காய மறுக்கிறது. மரமும் அப்படித்தான். ஈரக் காற்றில் நெக் பெரும்பாலும் முன்னால் வளையும், கம்பி உயரும். வறண்ட காற்றில் பின்வாங்கும், கம்பி உரசும். வெயில் காலத்தில் நெக்கின் ஓரத்தைத் தடவினால் ஃபிரெட் நுனிகள் கையைக் கீறுகின்றனவே, உலோகம் வளர்ந்துவிட்டதா? இல்லை, மரம் சுருங்கிவிட்டது. சென்னைக் கடற்கரைக் காற்றில் இருந்த கிட்டாரை இங்கே கொண்டுவந்தால் உடனே எதையும் திருகாதீர்கள். ஒரு வாரம் இந்த ஊர்க் காற்றைக் குடிக்கட்டும். தகரக் கூரையின் கீழே சுவரில் ஆணியடித்து மாட்டாதீர்கள், அந்தக் கூரையின் சூடு உங்களுக்கே தெரியும்.

இங்கே கர்நாடக சங்கீதம் பயிலும் பிள்ளைகளும் வந்திருப்பதாகச் சொன்னார்கள். அவர்களுக்குக் கொஞ்சம். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் என்ன செய்தார்? நான்கு ஜோடிக் கம்பி கொண்ட மேற்கத்திய மாண்டலினை எலக்ட்ரிக் ஆக்கி, ஐந்து ஒற்றைக் கம்பி போட்டுக்கொண்டார். ஏன்? ஜோடிக் கம்பியை வளைத்து கமகம் கொண்டுவருவது கஷ்டம், கீழ் ஸ்தாயிக்கும் ஒரு கம்பி வேண்டும். பாட்டு என்ன கேட்டதோ அதற்கு ஏற்ப கருவியை மாற்றினார், கருவிக்காகப் பாட்டை மாற்றவில்லை. ‘கிட்டார்’ பிரசன்னா அதே பாதையில் எலக்ட்ரிக் கிட்டாரில் ராகம் வாசிக்கிறார். நீங்களும் கமகத்துக்காகக் கம்பியை இழுக்கிறவர்களானால், ஒன்பதாம் நம்பர் மெல்லிய செட் போடுங்கள், உயரத்தை அடிமட்டத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். கம்பிக்குக் கீழே விரல் நுனி கொஞ்சம் நுழைந்தால்தான் பிடித்து இழுக்க முடியும். இழுத்த பிறகு கம்பி சுருதிக்குத் திரும்பாமல் நட்டில் மாட்டிக்கொண்டால், பென்சில் கரியை நட்டின் வெட்டில் தடவுங்கள். பென்சிலின் விலைதான் செலவு!

இனி மின்சாரப் பக்கம். உங்களில் எத்தனை பேருக்கு கிட்டார் ‘ஊம்ம்ம்’ என்று கத்துகிறது? கை தூக்குங்கள். பார்த்தீர்களா, பாதி அரங்கம்.

அந்த ஊம் என்ன சுருதி என்று கேட்டுப் பாருங்கள். நம் மின்சாரம் ஒரு விநாடிக்கு ஐம்பது தடவை ஆடுகிறது. ஐம்பது ஹெர்ட்ஸ் என்றால் அது கீழ் ஸ்தாயி ஜி-க்குப் பக்கத்தில் நிற்கும் ஓசை. கிட்டாரின் ஆறாவது கம்பி மூன்றாவது ஃபிரெட்டில் வரும் ஜி 98 ஹெர்ட்ஸ். அதனோடு ஒட்டி நிற்கும் நூறு ஹெர்ட்ஸ் இரைச்சல் வந்தால், பெரும்பாலும் அது ஆம்ப்ளிஃபையரின் பவர் சப்ளையில் வயசான கப்பாசிட்டரின் குரல். காது இருந்தால் பாதி நோய் தெரிந்துவிடும். கிட்டாரின் வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தும் இரைச்சல் அப்படியே இருந்தால் ஆம்ப்ளிஃபையரைப் பாருங்கள். வால்யூமோடு சேர்ந்து அடங்கினால் கிட்டாரைப் பாருங்கள். கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் பிரிட்ஜ் எர்த் நன்றாக இருக்கிறது, உள்ளே கவசம்தான் போதவில்லை. தொட்டதும் கூடினால் எர்த் வயரில் கோளாறு.

கவசம் என்றேன். கவசம் என்றால் என்ன என்று உலகத்துக்கே காட்டிய ஊர் இது. 1965-இல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் ஏறக்குறைய 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், மும்பை டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானிகள் ஒசாகா, டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து கருவி வைத்து நியூட்ரினோவைத் தேடினார்கள். ஏன் அவ்வளவு ஆழம்? மேலே விண்வெளியிலிருந்து வந்து விழும் கதிர்களின் இரைச்சலில் அந்தச் சின்னஞ்சிறு துகளின் தடயம் கேட்காது. நடுவே இரண்டு கிலோமீட்டருக்கு மேல் பாறையை வைத்தார்கள். இரைச்சல் அடங்கியது, நியூட்ரினோ தெரிந்தது. வளிமண்டல நியூட்ரினோ பற்றி உலகில் முதன்முதலாக வெளிவந்த பதிவுகளில் ஒன்று நம் காலடியில் எழுதியது. நம் அப்பாக்களும் தாத்தாக்களும் அந்தக் கருவிகளைக் கூண்டில் ஏற்றி இறக்கினார்கள்.

கிட்டாருக்கு இரண்டு கிலோமீட்டர் பாறை வேண்டாம். ஒட்டும் செம்புத் தாள் ஒரு சுருள் போதும். காந்தமும் காயிலும் சேர்ந்த பிக்கப் உட்கார்ந்திருக்கும் குழியையும், வால்யூம் கன்ட்ரோல் இருக்கும் குழியையும், பிளாஸ்டிக் மூடியின் உள்பக்கத்தையும் அந்தத் தாளால் மூடுங்கள். துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறி இருக்கட்டும், ஒட்டும் பசை மின்சாரத்தைத் தடுக்கலாம் என்பதால் சேரும் இடத்தில் ஒரு சொட்டு ஈயம் வையுங்கள். எல்லாத் துண்டையும் ஒரே எர்த்தோடு இணையுங்கள். மல்டிமீட்டர் ‘பீப்’ என்று சொல்ல வேண்டும். செம்புத் தாளில் சிக்னல் முனை எதுவும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பட்டால் ஊம் மட்டுமா போகும், பாட்டும் போகும். சமையலறை அலுமினியத் தாள்? மலிவுதான், ஆனால் ஈயம் ஒட்டாது. இன்னும் சுலபமான வழி வேண்டுமென்றால் இரட்டைக் காயில் பிக்கப் உள்ள கிட்டார் வாங்குங்கள். 1950-களின் நடுவில் கிப்சன் நிறுவனத்து சேத் லவர் செய்த யோசனை அது: இரண்டு காயிலை எதிரெதிராகச் சுற்றி, காந்தத்தையும் எதிர்த்திசையில் வைத்தால் வெளி இரைச்சல் ஒன்றையொன்று அழிக்கும், கம்பியின் ஓசை மட்டும் சேரும்.

அடுத்த நோய், கிட்டாரில் சத்தமே இல்லை. திறப்பதற்கு முன்? அளவு! கேபிளின் ஒரு முனையைக் கிட்டாரில் மாட்டி, மறுமுனையின் நுனியிலும் உடலிலும் மல்டிமீட்டரை வையுங்கள். வால்யூம் முழுதாக இருக்கட்டும். ஒற்றைக் காயில் பிக்கப் என்றால் ஐந்திலிருந்து எட்டு கிலோஓம் வரை காட்டும். இரட்டைக் காயிலில் அதைவிடக் கூடுதல். பூஜ்யம் காட்டினால் எங்கோ ஷார்ட். எதுவும் காட்டாவிட்டால் எங்கோ அறுந்திருக்கிறது, பத்தில் எட்டு தடவை ஜாக்கில். ஜாக்கின் நட் தளர்ந்தால் நாம் வெளியிலிருந்தே திருகி முடுக்குகிறோம். உள்ளே ஜாக்கும் கூடச் சுற்றுகிறது, வயர் முறுக்கி அறுகிறது. மூடியைக் கழற்றி, உள்ளே ஜாக்கைப் பிடித்துக்கொண்டு முடுக்க வேண்டும். ஈயம் வைக்கும்போது முனையைச் சூடாக்கி, அந்தச் சூட்டில் ஈயம் தானாக ஓடட்டும். அயனில் ஈயத்தை உருக்கிச் சொட்டினால் மேலே பளபளப்பின்றி மங்கலாகப் படியும், பத்து நாளில் கழன்றுவிடும். வால்யூம் திருகும்போது ‘கரகர’ என்கிறதா? கான்டாக்ட் கிளீனர் அடித்து முப்பது தடவை முன்னும் பின்னும் திருப்புங்கள். தேங்காய் எண்ணெய் ஊற்றிக் கொண்டுவருகிறவர்களுக்கு நான் காபி கொடுத்து அனுப்பிவிடுகிறேன்.

ஆம்ப்ளிஃபையர். இதில் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். கோயிலில் இருக்கும் ஒலிபெருக்கி ஆம்ப்ளிஃபையரில் கிட்டாரை நேரே மாட்டி, ‘பெரிய ஆம்ப், ஆனால் சத்தம் செத்துப்போச்சு’ என்கிறார்கள். கிட்டார் பிக்கப் ஒரு பலவீனமான ஊற்று. உள்ளே வாங்கும் சாதனம் ஒரு மெகாஓம் அளவுக்குத் தடையோடு இருந்தால்தான் அது முழுக் குரலில் பேசும். டேப் ரெக்கார்டருக்கும் சி.டி. பிளேயருக்கும் செய்த உள்ளீடு பத்து கிலோஓம், நாற்பது கிலோஓம் இருக்கும். அதில் கிட்டாரின் மேல் ஸ்தாயிப் பளபளப்பு அடைபட்டுப்போகிறது. நடுவே ஒரு டி.ஐ. பெட்டியோ பஃபர் பெடலோ வையுங்கள், வித்தியாசம் கேட்கும். பெடலுக்கு 9 வோல்ட் அடாப்டர் வாங்கும்போது முனை பார்த்து வாங்குங்கள். கிட்டார் பெடல்கள் பெரும்பாலும் நடுமுனை நெகட்டிவ். வீட்டில் கிடக்கும் மோடம் அடாப்டர் பெரும்பாலும் நடுமுனை பாசிட்டிவ்.

வீட்டில் ராத்திரி பழக ஆம்ப் வேண்டுமா? எல்.எம். 386 என்ற எட்டுக் கால் சின்ன ஐ.சி., சில கப்பாசிட்டர்கள், ஒரு 9 வோல்ட் பேட்டரி, உடைந்த ரேடியோவின் எட்டு ஓம் ஸ்பீக்கர். அரை வாட் வரும், ஒரு லைன் வீட்டுக்கு அதுவே அதிகம். ஒன்றாம் காலுக்கும் எட்டாம் காலுக்கும் நடுவே 10 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் வைத்தால் இருபது மடங்கு பெருக்கம் இருநூறாகும், கிட்டார் கரகரவென்று ராக் இசைக்குத் தயாராகிவிடும். பேட்டரியில் ஓடுவதால் ஷாக் பயம் இல்லை. பத்தாவது படிக்கும் பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்துவிடலாம். சாமான் எங்கே கிடைக்கும்? மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி பெங்களூரில் இறங்கினால் எஸ்.பி. ரோடு. அதற்குத்தான் ரயில் ஏறச் சொல்கிறேன், டிரஸ் ராடுக்காக அல்ல.

செய்யக் கூடாதவை இரண்டு உண்டு. வால்வ் ஆம்ப்ளிஃபையரைத் திறக்காதீர்கள். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கப்பாசிட்டர்களில் முந்நூறு நானூறு வோல்ட் தேங்கி நிற்கும். அதை வடிக்கத் தெரிந்தவர் செய்யட்டும். இரண்டாவது, ஃபிரெட் தேய்ந்து குழி விழுந்தால் அதைச் சமன் செய்வதற்குத் தனிக் கை வேண்டும். பழைய கிட்டார் ஒன்றில் பழகாமல் நல்ல கிட்டாரில் அரம் வைக்காதீர்கள்.

நேரம் ஆகிவிட்டது என்று அவைத் தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். அந்த மேசையில் ஃபீலர் கேஜும் ஸ்கேலும் மல்டிமீட்டரும் வைத்திருக்கிறேன். கிட்டார் கொண்டுவந்தவர்கள் வரிசையாக வரலாம். வருவதற்கு முன் உட்கார்ந்த இடத்திலேயே டியூன் செய்துவிடுங்கள். டியூன் செய்யாத கிட்டாரை நான் அளக்க மாட்டேன். ஆலன் கீயை என் கையில் கொடுக்காதீர்கள், உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், நான் பக்கத்தில் நிற்கிறேன். முதலில் அந்தச் சிவப்புக் கிட்டார் தம்பி வாப்பா, உன்னுடையது மூன்றாவது வரிசையிலிருந்தே உரசுவது கேட்டது.